ஒன்பது வயது மகனுக்கு எந்த வேகத்தில் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மகனுக்கு 9 வயது. மூன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு தனியார் மையம் ஒன்றில் மதிப்பீடு செய்தபோது அவனுக்கு டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். பள்ளியில் அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்துவிட்டதால் நிறுத்திவிட்டு, எட்டு மாதமாக வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் இருந்ததுபோலவே காலை ஒன்பது முதல் மூன்றரை வரை எட்டு பீரியட் வைத்திருக்கிறேன். ஒரு பாடத்துக்கு மூன்று வாரம் ஆகிறது. மூன்றாம் வகுப்புப் புத்தகமே இன்னும் முடியவில்லை. அவன் வயதுள்ள என் நாத்தனார் மகள் நான்காம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு எழுதப்போகிறாள். நேற்றுப் படித்த எழுத்தை இன்று கேட்டால் தெரியாது என்கிறான். கணவர் காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். “எனக்கும் படிப்பு ஏறவில்லை, ஏழாவதோடு நின்றேன், அவனை விடு” என்கிறார். நான் இன்னும் மெதுவாகப் போக வேண்டுமா, வேகத்தைக் கூட்ட வேண்டுமா? பத்தாம் வகுப்பு வரை இவனை எப்படிக் கொண்டுசேர்ப்பது?

— ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மெதுவாகவா, வேகமாகவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்பதே என் பதில். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது எனக்குத் தெரிந்தது இதுதான்: எல்லாப் பாடங்களையும் நீங்கள் அவனுடைய வாசிப்பு என்ற ஒரே கயிற்றில் கட்டிவைத்திருக்கிறீர்கள். தாவரங்களைப் பற்றிய அறிவியல் பாடத்தை அவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தால்தான் தாவரங்களுக்குப் போகிறீர்கள். அதற்கு மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரத்தில் அவனுக்கு வாசிப்பும் கைகூடவில்லை, தாவரத்தைப் பற்றியும் ஒன்றும் தங்கவில்லை. அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டால், வாசிப்பை இப்போது இருப்பதைவிடவும் மெதுவாக நடத்தலாம். மற்ற பாடங்களை நாத்தனார் மகளின் வகுப்புக்கு இணையாகவே, சில இடங்களில் அதற்கு முன்னாலும் கொண்டுபோகலாம்.

முதலில், நேற்றுப் படித்த எழுத்து இன்று ஏன் தெரிவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடுகளில் அடி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டிஸ்லெக்சியா என்பது பேச்சின் ஒலியையும் அதற்குரிய எழுத்தையும் மூளை விரைந்து இணைப்பதில் உள்ள சிரமம். அறிவுக் கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை, கண்ணுக்கும் இல்லை. அந்தப் பெயரை 1887-இல் வைத்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். படிக்க முடியாதவர்களைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போகும் வழக்கம் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், அது எந்தக் குழந்தைக்கும் தேவை. ஆனால் வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள், கண் பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அவை வாசிப்பைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மற்ற குழந்தைகளுக்குச் சில முறை பார்த்தாலே ஓர் எழுத்தும் அதன் ஒலியும் ஒட்டிக்கொள்கின்றன. உங்கள் மகனுக்கு அந்த ஒட்டுதல் பல மடங்கு முறை பழகிய பிறகே நிலைக்கும், அதுவரை ஒரு நாள் வரும், மறுநாள் நழுவும். நழுவும் நாளில் அவன் நடிக்கவில்லை.

இதில் தமிழுக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவை கிடைக்காது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தமிழில் எழுதியபடி படித்துவிடலாம் என்பது பெருமளவு உண்மை. அதனாலேயே தமிழில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தை பெரும்பாலும் தப்பாகப் படிப்பதைவிட, சரியாக ஆனால் மிக மெதுவாகப் படிப்பதைத்தான் பார்க்கிறோம். வீட்டார் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆங்கிலத்தில் 26 எழுத்து என்றால் இங்கே 247. அத்தனையையும் கட்டம்போட்ட அட்டையில் வரிசையாக மனப்பாடம் செய்யவைப்பது இவனைப் போன்ற குழந்தைக்குச் செய்யும் பெரிய கெடுதல் என்பது என் கருத்து. ‘க, கா, கி, கீ’ என்று பாட்டாக ஒப்பிப்பான். ‘கீ’யைத் தனியாகக் காட்டினால் முதலிலிருந்து பாடிவந்துதான் கண்டுபிடிப்பான். மெய்யின் உருவத்தையும் அதன் மேல் ஏறும் குறியையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தால் சுமை வெகுவாகக் குறைகிறது.

அந்தக் குறிகளிலும் ஒரு பொறி உண்டு. ‘கெ, கே, கை’ ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ, கோ’வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகும் குழந்தை அங்கே தடுக்கி விழுகிறான். ‘காரம்’ என்று அச்சில் இருப்பதை ஒருமுறை அவன் கண்ணோடு பாருங்கள்: காலும் ரகரமும் பக்கத்துப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரே உருவம். ‘கு’ வரிசையோ இன்னும் மோசம், ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு வளைவு. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் இதையும் கவனியுங்கள்: 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்தவர்கள் இன்றும் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதுவது உண்டு. அன்போடு செய்வதுதான், ஆனால் இவனுக்கு ஒரே ஒலிக்கு இரண்டு உருவம் என்றாகிவிடுகிறது.

ஆகவே மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசிப்பை அடியிலிருந்து தொடங்குங்கள். அகர வரிசை உயிர்மெய்களும் புள்ளி எழுத்துகளும் முதலில். பிறகு கால் மட்டும். இவ்வளவிலேயே வாக்கியம் வந்துவிடும். ‘அப்பா கடல் பக்கம் வந்தார்’ என்பதில் இவை தவிர வேறு குறியே இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களை நீங்களே பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு எழுதிக்கொடுங்கள். கற்றுக்கொடுக்காத குறி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ‘கி, கீ’. அடுத்து ‘கு’ வரிசையை உருவத்தால் ஒத்தவையாகப் பிரித்து (சு, பு, வு ஒரு கூட்டம், து, நு, லு, னு இன்னொன்று, கு, டு, மு, ரு மற்றொன்று). முன்னால் நிற்கும் கொம்புகள் எல்லாம் கடைசியில். ‘ன’வையும் ‘ண’வையும், ‘ல’வையும் ‘ள’வையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள், ஒன்று நன்றாகப் பதிந்து சில வாரம் ஆன பிறகே மற்றதைக் காட்டுங்கள். வேறுபாட்டைப் புரியவைக்கிறேன் என்று இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுவதுதான் குழப்பத்தை நிரந்தரமாக்குகிறது.

ஒவ்வோர் எழுத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதுவது, காற்றில் முழுக் கையால் எழுதுவது, பிறகு சிலேட்டில் எழுதுவது என்று பல புலன்களைச் சேர்த்துப் பழக்குங்கள். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் ஆன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும் 1930-களில் உருவாக்கிய முறையின் அடிப்படை இது. இன்று சிறப்பாசிரியர்கள் கையாளும் பல முறைகள் அதிலிருந்து கிளைத்தவை. நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதித்தான் படித்தார்கள் என்பதால் வீட்டில் யாரும் இதை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

புத்தகமே இல்லாமல் செய்ய வேண்டிய பயிற்சியும் ஒன்று உண்டு. பால் வாங்கப் போகும் வழியில், “பட்டம் என்பதில் ப-வை எடுத்துவிட்டுக் க-வைப் போட்டால் என்ன வரும்?” என்று கேளுங்கள். கட்டம், வட்டம், சட்டம், மட்டம் என்று அவன் ஓடுவான். ஒலியைக் காதால் பிரித்துச் சேர்க்கும் திறன் வளர்ந்தால்தான் எழுத்து அதன் மேல் உட்காரும்.

நேர அளவுக்கு வருகிறேன். எழுத்து வேலை ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வீதம் இரண்டு முறை, வாரத்தில் ஐந்து நாள். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் பகுதியில் பொழுது ஏறிவிட்டால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் ஓய்வதில்லை என்பதை அறிவேன்; முதல் இருபது நிமிடத்தைக் காலை ஏழு மணிக்கு முன் மொட்டைமாடியில் வைத்துக்கொள்ள முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கொட்டாவி, கண்ணைக் கசக்குவது, தண்ணீர் கேட்பது, திடீரென்று பென்சில் சீவக் கிளம்புவது ஆகியவை களைப்பின் அறிகுறிகள். அவை வந்த பிறகு நிறுத்துவதைவிட, வருவதற்குச் சற்று முன்னால், அவன் ஒரு சொல்லைச் சரியாகப் படித்த இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்த குறிக்கு எப்போது போகலாம் என்பதை நாள்காட்டி சொல்லக் கூடாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: புதிய குறி உள்ள பத்துச் சொற்களை வரிசை மாற்றிக் கொடுக்கும்போது, மூன்று வெவ்வேறு நாளில் ஒன்பதைத் தயங்காமல் படிக்க வேண்டும், ஒரு வாரம் அதைத் தொடாமல் விட்டுத் திரும்பக் கேட்டாலும் எட்டுச் சொல்லாவது வர வேண்டும். வந்தால் நகருங்கள். வராவிட்டால் அங்கேயே இருங்கள், அது ஒரு மாதமானாலும் சரி. தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு சிறுமிக்கு வாரம் ஒரு குறி என்று அட்டவணை போட்டுக் கொடுத்து, அவள் தடுமாறத் தடுமாறத் தள்ளிக்கொண்டே போனேன்; நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் ‘கி’யும் ‘கீ’யும்கூட அவள் கையில் இல்லை, எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். அந்த நான்கு மாதம் போனது என் அட்டவணையால். தீபாவளி, பொங்கல் என்று விடுமுறை விட்டுத் திரும்பும்போது புதிதாக எதையும் எடுக்காமல் ஒரு வாரம் பழையதையே ஓட்டுங்கள். கோடையில்கூடப் பத்து நிமிடமாவது தொடரட்டும்.

முன்னேற்றம் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், அவன் கற்ற குறிகளால் ஆன ஒரு பக்கத்தைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாகப் படிக்கிறான் என்று எண்ணி ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். தினமும் கடிகாரத்தை நீட்டினால் அவனுக்கு நெஞ்சு படபடக்கும், எண்ணிக்கையும் உண்மையாக இருக்காது. அந்த நோட்டில் நாத்தனார் மகளுக்கு இடம் கிடையாது.

வாசிப்புக்கு நாற்பது நிமிடம் போக, மீதி நாள் அறிவுக்கு உரியது. அங்கே கொஞ்சமும் மெதுவாகப் போக வேண்டியதில்லை. நான்காம் வகுப்பு அறிவியலையும் சமூக அறிவியலையும் இன்றே தொடங்குங்கள். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்கட்டும். பாடநூலில் உள்ள கியூஆர் குறியைச் செல்போனால் ஸ்கேன் செய்தால் வரும் காணொளியைப் பார்க்கட்டும். கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லட்டும். அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்காக 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் டிஸ்லெக்சியா உள்ளவர்களும் உறுப்பினராகலாம். காதால் கேட்டுக் கற்பது குறுக்குவழி என்று சிலர் சொல்வார்கள். கேட்டுச் சேர்க்கும் சொல்வளம்தான் பின்னால் வாசிப்பு கைகூடும்போது பொருள் புரிய உதவும்; எழுத்துக்காக அறிவைக் காக்கவைத்தால், பன்னிரண்டு வயதில் எழுத்து வந்தும் எட்டு வயதுப் பையனின் சொற்களே அவனிடம் இருக்கும்.

கணக்கில் அவனுக்கு வாய்ப்பாடு நிற்காது என்று நீங்கள் எழுதாமலேயே ஊகிக்கிறேன். அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுங்கள், கணக்கு யோசனைக்குரியது. விடுகணக்கை நீங்கள் படித்துக் காட்டுங்கள். எத்தனை கிலோ ஐஸ், எத்தனை கூடை மீன், கிலோ என்ன விலை என்று காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நடக்கும் கணக்கு நான்காம் வகுப்புப் பெருக்கலைவிடக் கடினமானது. அப்பாவோடு ஒரு நாள் போய்வரட்டும்.

எழுதுவதற்கு ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். பத்து முறை எழுது என்ற இம்போசிஷனை வீட்டிலிருந்து அடியோடு அகற்றிவிடுங்கள். தப்பாக ஒருமுறை எழுதினால் ஒன்பது முறையும் அதே தப்பைத்தான் பழகுகிறான். நீளமான பதிலை அவன் சொல்ல நீங்கள் எழுதலாம், அல்லது செல்போனில் பேசினால் தமிழில் எழுதித்தரும் வசதியைப் பழக்கலாம். ஆங்கிலம் இப்போதைக்குப் பேச்சாகவும் கேட்பாகவும் மட்டும் இருக்கட்டும். தமிழ் எழுத்தில் கால் ஊன்றிய பிறகு அதை ஒலி முறையில் தொடங்கலாம். இரண்டு எழுத்து முறைகளையும் ஒரே நேரத்தில் ஏற்றியதுதான் பள்ளியில் அவனைத் திணறடித்திருக்கும்.

இனி உங்கள் கணவரைப் பற்றி. டிஸ்லெக்சியா குடும்பத்தில் வழிவழியாக வருவது உண்டு. அவரை நான் பார்த்ததில்லை, ஆகவே எதையும் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் “எனக்கும் ஏறவில்லை” என்று ஒரு தகப்பன் சொல்லும்போது அதில் அலட்சியத்தைவிடப் பழைய அவமானம் அதிகமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவரை வாசிப்புப் பயிற்சியில் உட்காரவைக்க முயல வேண்டாம். அவர் வகுப்பில் என்ன நடந்தது, கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களை எப்படிச் சமாளித்தார் என்பதை மகனிடம் ஒருநாள் அவரே சொல்லட்டும்; தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் பையனுக்கு அதோடு போகும். அதே சமயம் ‘டிஸ்லெக்சியா இருந்தால் மேதை’ என்று வாட்ஸப்பில் வரும் பட்டியல்களை அவனிடம் காட்டாதீர்கள். அவற்றில் பல பெயர்களுக்குச் சான்று கிடையாது. மேதை ஆக வேண்டிய கட்டாயமும் அந்தக் குழந்தைக்கு இல்லை.

பத்தாம் வகுப்புக்கு அவனுக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. பள்ளிக்குப் போகாமலேயே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் 14 வயது நிறைந்தவர்கள் சேரலாம், ஒரு மொழியாவது உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேற வேண்டும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக எழுதி மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம், தமிழ்வழியிலும் படிக்கலாம். அதற்கு முன் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகளும் அங்கே உண்டு. மறுபடி பள்ளிக்கே அனுப்ப நினைத்தாலும் வழி அடைபடவில்லை: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 14 வயதுக்குள் வரும் குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்ட வகுப்பில் அல்ல. ஆகவே டிசம்பருக்குள் எந்தப் புத்தகத்தையும் முடிக்க வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இல்லை.

ஆனால் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது தனியார் மையத்தின் அறிக்கை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்தக் கற்றல் குறைபாடும் ஒன்று. மகனுக்கு 8 வயது கடந்துவிட்டதால் இப்போதே விண்ணப்பிக்கலாம்; 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்றது. எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அறிக்கையின் அசலையும் இரண்டு நகல்களையும் எடுத்துப் போங்கள். தி.நகர் வரை போய்வர முடிந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனையும் ஒருமுறை அணுகிப் பாருங்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வழிகாட்டுவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று.

வரும் திங்கட்கிழமை எட்டு பீரியட் அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நான்காம் வகுப்புப் புத்தகங்களில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றையும் வாங்குங்கள். தமிழ்ப் புத்தகத்தை இப்போது வாங்க வேண்டாம். ‘கொ, கோ’வரை வந்த பிறகு, மாதாமாதம் எழுதிய அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், எந்த வகுப்புப் புத்தகம் வாங்குவது என்று அப்போது பார்ப்போம்.